கடற்கரையா, சிப்பா? கதவைத் திறந்த நாடுகளில் காசு எங்கே தங்கியது?

#1 தரமணி_குமரன்

வணக்கம். கொஞ்ச நாளாக மனதில் ஓடும் ஒரு கேள்வியைப் பொதுவில் வைக்கிறேன்.

நான் தரமணியில் நானோ அளவு டிரான்சிஸ்டர்களைக் கணினியில் மாடல் செய்யும் ஆராய்ச்சி மாணவன். சொந்த ஊர் மாமல்லபுரத்துக்குப் பக்கம். ஊருக்குப் போனால் "சுற்றுலா வளர்ந்தால் நாம் வளர்வோம்" என்கிறார்கள். இங்கே வந்தால் "செமிகண்டக்டர் வந்துவிட்டால் மாநிலம் எங்கேயோ போய்விடும்" என்கிறார்கள். இரண்டுக்கும் அரசுகள் காட்டும் வழி ஒன்றுதான்: வெளி முதலீட்டுக்கு இடம் கொடு, வரியைக் குறை, நிலம் ஒதுக்கு, அனுமதியைச் சுலபமாக்கு.

இரண்டையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் செய்து பார்த்த மத்திய அமெரிக்காவின் சின்ன நாடு கோஸ்டா ரிகா. 1981ல் வெளிக்கடனைக் கட்ட முடியாமல் நின்றது. அப்புறம் இறக்குமதி வரிகளைக் குறைத்தது, ஏற்றுமதிக்குச் சலுகை கொடுத்தது, 1985ல் சுற்றுலாவுக்கென்றே ஊக்கச் சட்டம் போட்டது. 1990களின் முதல் பாதியிலேயே சுற்றுலா வருமானம் காபியையும் வாழைப்பழத்தையும் தாண்டிவிட்டது. 1996ல் அங்கே சிப் ஆலை போடுவதாக இன்டெல் முடிவெடுத்தது. 1998ல் அந்த ஆலை ஓடத் தொடங்கியது. 2014ல் அசெம்பிளி, டெஸ்ட் வேலையை, அதாவது சிப்பை உறையில் பொருத்திச் சோதிக்கும் வேலையை, ஆசியாவுக்கு மாற்றியது. சுமார் 1,500 பேருக்கு வேலை போனது. 2020 கடைசியில் அசெம்பிளி திரும்ப வருவதாக அறிவிப்பு. 2025ல் மறுபடியும் வியட்நாமுக்கும் மலேசியாவுக்கும் மாற்றுவதாக அறிவிப்பு.

இத்தனைக்கும் நடுவில் அந்த நாட்டின் காடு அதே இடத்தில்தான் இருக்கிறது. நிலப்பரப்பில் கால் பங்குக்கு மேல் பாதுகாக்கப்பட்ட பகுதி. அதைப் பார்க்க வருகிறவர்களும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

என் கேள்வி: கதவைத் திறந்துவிட்ட வளரும் நாடுகளில், வந்த பணத்தில் எது உள்ளேயே தங்கியது? கடற்கரைக்கு ஒரு விடை, சிப்புக்கு வேறு விடை என்று இருக்கிறதா? இந்தத் தொழில்களில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

#2 கடல்மல்லை_வாசு

குமரன் தம்பி, நல்ல கேள்வி. ஒத்தவாடைத் தெருப் பக்கம் சின்ன விடுதி நடத்துகிறேன். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊருக்கு இரண்டு வகையாக வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். ஒருவர் சென்னை ஓட்டலில் இருந்து ஏசி பஸ்ஸில் வருவார். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு பார்ப்பார், ஒரு இளநீர் குடிப்பார், சாயங்காலம் கிளம்பிவிடுவார். இன்னொருவர் என்னைப் போன்றவர்களிடம் வாரக்கணக்கில் தங்குவார். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பார், துணி துவைக்கக் கொடுப்பார், தையற்காரரிடம் சட்டை தைப்பார், படகில் இருந்து இறங்கிய மீனைத் தெருக்கடையில் பொரித்துத் தரச் சொல்லிச் சாப்பிடுவார், போகும்போது சிற்பக்கூடத்தில் ஒரு பிள்ளையார் வாங்கிக்கொண்டு போவார். அவர் செலவழித்த பணம் அதே தெருவில் பல கை மாறும். ஆனால் அரசாங்கக் கணக்கில் இரண்டு பேருமே ஒரு தலை.

நுழைவுச் சீட்டு வெளிநாட்டவருக்கு 600 ரூபாய், நமக்கு 40. அந்தப் பணம் மத்தியத் தொல்லியல் துறைக்குப் போகிறது. குப்பை அள்ளுவதும் சாக்கடை பார்ப்பதும் ஊர் நிர்வாகத்தின் தலையில்.

2021-22ல் தொல்லியல் துறை கட்டணம் வாங்கும் சின்னங்களிலேயே அதிக வெளிநாட்டவர் வந்த இடம் மாமல்லபுரம் என்று பெரிதாகப் பேசினார்கள். 1,44,984 பேர்; தாஜ்மகாலுக்கு 38,922 பேர்தான். பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கொரோனாவால் நாட்டுக்கே பயணிகள் வரத்து சுருங்கிக் கிடந்த வருடம் அது. எங்கள் தெருவில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. முதல் இடம் வாங்கிய வருடத்தில்தான் சிற்பக்கூடத்து ஆட்கள் சிலர் கட்டட வேலைக்குப் போனார்கள். வாசலில் எண்ணுகிற தலையை வைத்து ஊரின் வயிற்றை அளக்க முடியாது.

#3 செல்வி_டீச்சர்

வாசு சொல்வதுதான் அடிப்படை. பொருளியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால் கணக்கின் பக்கத்தைச் சேர்க்கிறேன்.

2019ல் இந்தியா முழுவதற்கும் வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 1.09 கோடி. அதே வருடம் தமிழ்நாட்டுக்கு வந்த வெளிநாட்டு வருகை சுமார் 68.7 லட்சம் என்று புள்ளிவிவரம். நாட்டுக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டுக்கு வந்தார்களா? இல்லை. முதல் கணக்கு எல்லையில் ஆளை எண்ணுவது. இரண்டாவது, ஊர் ஊராக வருகையை எண்ணுவது. ஒரே ஆள் சென்னை, மாமல்லபுரம், காஞ்சி, மதுரை என்று போனால் நான்கு இடத்திலும் எண்ணப்படுவார். இரண்டுக்கும் தனித்தனிப் பயன் உண்டு. ஆனால் இரண்டாவதை எடுத்து "இத்தனை பேர் வந்தார்கள், ஆகவே இத்தனை கோடி வருமானம்" என்று திட்ட அறிக்கை எழுதும்போதுதான் ஆபத்து.

குமரன், காடு நகரவில்லை என்று எழுதியிருக்கிறாய். காடு நகராது, பயணி நகர்ந்துவிடுவார். இலங்கையைப் பார். தெற்காசியாவில் முதலில் சந்தையைத் திறந்தது அவர்கள்தான், 1977ல். கடற்கரை ஓட்டல்கள் வேகமாக எழும்பின. 1982ல் 4 லட்சத்துக்கு மேல் பயணிகள். 1983 ஜூலைக் கலவரத்தில் தமிழர்களைக் கொன்றார்கள், கடைகளை எரித்தார்கள். அடுத்து போர். 1987ல் வருகை 1.83 லட்சத்துக்கு இறங்கியது. போர் முடிந்தபின் ஏறி ஏறி 2018ல் 23 லட்சத்தைத் தாண்டியது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, 2020ல் கொரோனா, 2021ல் இரண்டு லட்சத்துக்கும் கீழே. 2022 ஏப்ரலில் வெளிக்கடன் தவணையை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அந்த நெருக்கடிக்கு வரிக் குறைப்பு, கடன் சுமை, உரத் தடை என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் டாலர் வரும் பெரிய வாசல்களில் ஒன்று சுற்றுலா. அது அடைபட்டபோது மாற்று வாசல் போதவில்லை.

இன்னொரு நாடு காம்பியா. மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு ஆற்றின் இரு கரையாக நீண்டு கிடக்கும் சின்ன நாடு. ஐரோப்பியர் குளிர்காலத்தில் மொத்தப் பேக்கேஜில் அங்கே வருவார்கள். சாப்பாடு, குடி எல்லாம் ஊரிலேயே கட்டிவிட்டு வருவதால் ஓட்டலை விட்டு வெளியே வர மாட்டார்கள். உள்ளூர் உணவகங்களும் டாக்சிக்காரர்களும் காய்ந்தார்கள். 1999ல் அரசு துணிந்து அப்படிப்பட்ட பேக்கேஜையே தடை செய்தது. பயண நிறுவனங்கள் வேறு நாட்டுக்கு ஆட்களைத் திருப்பிவிடும் என்ற நிலை வந்ததும் சுமார் ஒரு வருடத்தில் தடையை விலக்கிக்கொண்டது. வாடிக்கையாளரைக் கையில் வைத்திருப்பவன் எங்கோ இருக்கும்போது, கடற்கரையின் சொந்தக்காரனுக்குப் பேரம் பேசும் பலம் கொஞ்சம்தான்.

#4 பெரம்பூர்_ராஜி

படித்துக்கொண்டிருக்கிறேன். டீச்சர், நிறுத்தாமல் எழுதுங்கள்.

#5 மாலே_கணக்கர்

மாலத்தீவில் ரிசார்ட் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு இப்போது மேற்கு மாம்பலத்தில் இருக்கிறேன். டீச்சர் சொன்ன பேரம் எனக்கு நன்றாகத் தெரியும்.

அங்கே சுற்றுலா 1972ல் தொடங்கியது. ஒரு தீவு, ஒரு ரிசார்ட். பயணி விமானத்தில் இறங்கி நேராகப் படகிலோ கடல் விமானத்திலோ ரிசார்ட் தீவுக்குப் போய்விடுவார். அந்தக் காலத்தில் மக்கள் வாழும் தீவில் தங்க விட மாட்டார்கள். அறைக்கான பணத்தை ஐரோப்பாவில் உள்ள ஏஜென்சியிடம் முன்கூட்டியே கட்டியிருப்பார். ஏஜென்சி தன் பங்கை எடுத்துக்கொண்டு, அப்புறம்தான் ரிசார்ட் நிறுவனத்தின் கணக்குக்கு அனுப்பும். அந்தக் கணக்கு பல நேரம் வேறு நாட்டு வங்கியில் இருக்கும். அரிசி, இறைச்சி, காய்கறி, சோப்பு, படுக்கை விரிப்பு, டீசல் எல்லாமே கப்பலில் வரும். சமையற்காரர் இந்தியர் அல்லது இலங்கையர், கட்டட வேலைக்குப் பங்களாதேஷ்காரர். மீன் உள்ளூர்தான்.

பேப்பரில் இறங்கிய டாலருக்கும் தீவில் தங்கிய டாலருக்கும் இடைவெளி பெரிது. ஆனால் அந்த நாட்டைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு விஷயம் செய்தார்கள்.

ஒன்று, 2009ல் விதியை மாற்றி மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் விடுதி நடத்த அனுமதித்தார்கள். மாஃபுஷி என்ற தீவு அதில் முன்னால் வந்தது. சொந்த வீட்டை இடித்து நான்கு அறை கட்டியவர்கள், படகு வைத்திருந்தவர்கள், வீட்டுச் சமையல் செய்த பெண்கள் கையில் முதன்முதலாக டாலர் நேராக வந்தது.

இரண்டு, 2011ல் சுற்றுலாச் சேவைகளுக்கு மட்டும் ஒரு தனி வரி போட்டார்கள். 3.5 விழுக்காட்டில் தொடங்கி 2023ல் 16 விழுக்காடு. "வரி போட்டால் பயணி வர மாட்டார்" என்று முதலில் பயமுறுத்தினார்கள். வந்தார்கள். வேறெங்கும் கிடைக்காத ஒன்று உன் கையில் இருந்தால் விலை சொல்லலாம். காம்பியாவுக்குக் கிடைக்காத பலம் மாலத்தீவுக்குக் கிடைத்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

#6 நங்கநல்லூர்_ஸ்ரீராம்

நான் பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருக்கிறேன். இழை போகும் திசை கொஞ்சம் ஒருபக்கமாகத் தெரிகிறது. திறக்காமல் இருந்த காலத்தையும் நினைத்துப் பாருங்கள்.

உள்நாட்டு விமானம் என்றால் இந்தியன் ஏர்லைன்ஸ் மட்டும்தான் என்று சட்டமே இருந்தது. 1953 சட்டத்தை 1994ல் நீக்கிய பிறகுதான் தனியார் விமானங்கள் முறையாகப் பறந்தன. விசாவுக்குத் தூதரக வாசலில் நிற்க வேண்டும்; 2014 நவம்பரில் 43 நாட்டவருக்கு இணையவழி அனுமதி வந்தது, பிறகு நாடுகள் கூடின. 1991 ஜூலைக்குப் பிறகு ஓட்டல் துறையில் 51 விழுக்காடு வெளிநாட்டு முதலீட்டுக்கு நேரடி அனுமதி, பின்னால் 100. மாமல்லபுரத்தில் மத்திய அரசின் கடற்கரை விடுதி இருந்ததே, அதை 2002 வாக்கில் தனியாருக்கு விற்றார்கள். வாங்கியது சென்னைக் குழுமம். இன்று அந்த இடம் எத்தனை பேருக்கு வேலை கொடுக்கிறது என்று வாசு அண்ணனே சொல்லட்டும். கதவைச் சாத்தி வைத்திருந்தால் அங்கே பெயர்ப்பலகைதான் மிஞ்சியிருக்கும்.

#7 செல்வி_டீச்சர்

ஸ்ரீராம், திறந்தது தவறு என்று இங்கே யாரும் சொல்லவில்லை. நீங்கள் கொடுத்த உதாரணமே என் வாதத்துக்குப் பொருந்துகிறது. வாங்கியது உள்ளூர் முதலாளி என்பதால் லாபத்தில் பெரும்பகுதி இங்கேயே சுற்றுகிறது.

1991ல் இன்னொன்றும் நடந்தது, பலர் மறந்துவிடுகிறோம். ஜூலையில் சந்தை திறப்பதற்கு ஐந்து மாதம் முன், பிப்ரவரியில், கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. உயர் அலைக் கோட்டில் இருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு. ஊர்ப்புறக் கடலோரத்தில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடமே கூடாது. ஒரே வருடத்தில் ஒரு கை திறந்தது, ஒரு கை வேலி போட்டது. அதற்குப் பிறகு வேலி பல முறை திருத்தப்பட்டது. 2019 அறிவிக்கையில் மக்கள் நெருக்கம் அதிகமான ஊர்ப்புறக் கடலோரத்துக்கு அந்த 200 மீட்டர் 50 மீட்டராகச் சுருங்கியது. வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் மீனவருக்கு மணல் வேண்டும். அந்த மணலுக்குப் பட்டா கிடையாது. காலங்காலமாகப் புழங்குகிற உரிமைதான். முதலீட்டாளர் கேட்பதும் அதே மணலைத்தான். இந்த இடத்தில் எனக்கு நடுநிலை கிடையாது. மணல் குப்பத்துக்காரர்களுடையது.

#8 கிண்டி_அன்வர்

சிப் பக்கம் யாரும் வாய் திறக்கவில்லை, நான் பேசுகிறேன். சென்னையில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் வடிவமைப்பு மையத்தில் வேலை.

1985ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூருக்கு வந்ததில் இருந்து இந்தியாவில் சிப் வடிவமைப்பு நடக்கிறது. உலகச் சிப் வடிவமைப்புப் பொறியாளர்களில் ஐந்தில் ஒரு பங்கு இந்தியாவில் என்பது அரசு அடிக்கடி சொல்லும் கணக்கு. நல்ல சம்பளம், மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் போடும் வடிவமைப்பின் உரிமை தாய் நிறுவனத்துக்கு. நாங்கள் பயன்படுத்தும் மென்பொருள் அமெரிக்க நிறுவனங்களுடையது. அதன் உரிமக் கட்டணம் வெளியே போகிறது. சிப் தைவானில் தயாராகிறது. அதே சிப் போனுக்குள் உட்கார்ந்து நம்மிடமே இறக்குமதியாகிறது. மாலே நண்பர் எழுதிய ரிசார்ட் கணக்கை இங்கேயும் எழுதலாம்.

ஆலை வந்தால் தீர்ந்துவிடும் என்பவர்களுக்கு: ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006ல் உற்பத்தி தொடங்கி 2014 நவம்பரில் மூடியது. சுற்றியிருந்த உதிரிபாக ஆலைகளும் சேர்ந்து படுத்தன. வரிச் சலுகைக்காக வந்தது வரி வழக்கோடு போனது. பாடுபட்ட பெண் பிள்ளைகள் இருபத்தைந்து வயதில் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

குமரன், உன் துறை இதில் எங்கே வருகிறது? மாடல் போடுவதால் ஊருக்கு என்ன கிடைக்கும்?

#9 தரமணி_குமரன்

அன்வர் அண்ணன் கேட்டதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கும் புரியும்படி முயல்கிறேன்.

டிரான்சிஸ்டர் என்பது மின்சாரத்துக்கு ஒரு வாய்க்கால் மடை. கேட் என்ற முனையில் மின்னழுத்தம் கொடுத்தால் திறக்கும், எடுத்தால் மூடும். பழைய பெரிய டிரான்சிஸ்டரில் எலக்ட்ரான்கள் கூட்டமாகத் தள்ளுமுள்ளில் போகும். சராசரி எடுத்துக் கணக்குப் போட்டால் போதும். 1950ல் இருந்தே அந்தச் சமன்பாடுகள் உண்டு. இப்போது கேட்டின் நீளம் 15, 20 நானோமீட்டர். அங்கே சராசரி உடைகிறது.

ஒரு சின்னக் கணக்கு. நீளம் 20, அகலம் 20, ஆழம் 10 நானோமீட்டர் கொண்ட ஒரு சேனல், அதாவது மின்னோட்டம் ஓடும் பாதை. ஒரு கன சென்டிமீட்டருக்கு 10 ஆயிரம் கோடி கோடி என்ற விகிதத்தில், மின்கடத்தலை மாற்றும் மாசு அணுக்களைச் சேர்க்கிறோம் என்று வையுங்கள். கேட்கப் பெரிய எண்ணாக இருக்கிறது. ஆனால் அந்தச் சேனலுக்குள் சராசரியாக விழுவது 4 அணு. பக்கத்து டிரான்சிஸ்டரில் 2 விழலாம், 7 விழலாம். இரண்டும் ஒரே மின்னழுத்தத்தில் திறக்காது. சேனலில் மாசு அணுவே சேர்க்காமல் துடுப்பு மாதிரி நிமிர்த்தி வைத்து மூன்று பக்கமும் கேட்டைச் சுற்றும் வடிவத்துக்கு உலகம் மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். இன்டெல் அதை 2011ல் அறிவித்தது.

இன்னும் கீழே போனால் எலக்ட்ரானை அலையாகவே நடத்த வேண்டும். மூடிய மடையின் வழியாகவும் அது ஊடுருவும். சிலிக்கனில் ஒரு கன நானோமீட்டருக்கு 50 அணு. 5க்கு 5க்கு 20 நானோமீட்டர் கம்பி என்றால் 25,000 அணு. ஒவ்வொரு அணுவுக்கும் 10 ஆர்பிட்டல் (எலக்ட்ரான் இருக்கக்கூடிய நிலை) வைத்தால் 2.5 லட்சம் வரிசை கொண்ட அணி (மேட்ரிக்ஸ்). அதை ஒவ்வொரு ஆற்றல் மட்டத்துக்கும் திரும்பத் திரும்பத் தீர்க்க வேண்டும். இதற்கு சமநிலையற்ற கிரீன் சார்பு முறையைப் பயன்படுத்துகிறோம். அதைச் சாதனப் பொறியாளர்களுக்குக் கைக்கெட்டும்படி செய்தவர்களில் முக்கியமானவர் அசாமில் பிறந்து கரக்பூர் ஐஐடியில் படித்த சுப்ரியோ தத்தா. பர்டியூ பல்கலைக்கழகம் நடத்தும் நானோஹப் தளத்தில் இந்த வகை மென்பொருள்களை யாரும் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். தரமணியில் இருந்து நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

ஆனால் ஒரு சிப்பில் டிரான்சிஸ்டர்கள் கோடிக்கணக்கில். ஒவ்வொன்றுக்கும் இந்தக் கணக்கைப் போட்டால் ஆயுள் முடிந்துவிடும். அதனால் இயற்பியலைச் சுருக்கி, நொடியில் விடை தரும் சமன்பாடுகளாக எழுதுவார்கள். இதுதான் காம்பேக்ட் மாடல். வடிவமைப்பாளர் கையில் இருப்பது டிரான்சிஸ்டர் அல்ல, இந்த மாடல்தான். இது தவறினால் சிப் தவறும்.

இங்கேதான் அன்வர் அண்ணனுக்குப் பதில். காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர், அதாவது வேக சார்ஜர்களிலும் ரேடாரிலும் வருவது, அதற்கு 2018ல் உலகத் தொழில்துறை தரமாக ஏற்றுக்கொண்ட மாடல்களில் ஒன்று கான்பூர் ஐஐடியில் யோகேஷ் சிங் சௌஹானின் குழு எழுதியது. நம் நாட்டில் அரசின் கையில் இருப்பது மொஹாலியில் 180 நானோமீட்டர் ஆலை. முன்னணியில் இருந்து வெகு தூரம். அந்த நிலையிலும் உலகமே பயன்படுத்தும் ஒரு மாடலை இங்கிருந்து எழுத முடிந்தது. சென்னை ஐஐடியின் சக்தி செயலி (பிராசஸர் சிப்) 2018ல் ஒரு வடிவம் இன்டெல் ஆலையில், ஒன்று மொஹாலியில் என்று தயாரானதும் இதே வழிதான். ஆலை போகலாம். கற்றுக்கொண்டது போகாது.

#10 கிண்டி_அன்வர்

அருமையாக விளக்கினாய். ஆனால் அந்த மாடல் யாருக்கும் கட்டணமில்லாமல் கிடைக்கிறது. பெருமை நமக்கு, விற்பனை சிப் நிறுவனங்களுக்கு. கற்றுக்கொண்ட பிள்ளை பிஎச்டி முடித்து ஆஸ்டினுக்கோ ஐரோப்பாவுக்கோ போய்விட்டால் அதுவும் கசிவுதான், குமரா. டாலர் கசிவதை விடப் பெரிய கசிவு. இங்கே நிற்பதற்கு அவனுக்கு ஒரு நிறுவனம், ஒரு ஆய்வகம், சிப்பில் ஊசி வைத்து அளக்க ஒரு புரோப் ஸ்டேஷன் வேண்டும்.

#11 செல்வி_டீச்சர்

அன்வர் சொன்னதற்கு மலேசியாவின் பினாங்குதான் விடை என்று நினைக்கிறேன். தண்ணீர்மலைத் தைப்பூசத்துக்குப் போய் வந்தவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள்.

வரியில்லாத் துறைமுகம் என்ற தகுதியை இழந்து பினாங்கு வேலையில்லாமல் தவித்தபோது 1972ல் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக மண்டலம் திறந்தார்கள். இன்டெல் அதே வருடம் வந்தது. முதலில் வெறும் அசெம்பிளி. பெண்கள் நுண்ணோக்கியில் கம்பி பொருத்தினார்கள். அதோடு நின்றிருந்தால் அதுவும் ஒருநாள் மூட்டை கட்டியிருக்கும். 1989ல் மாநில அரசு, நிறுவனங்கள், கல்வியாளர்கள் சேர்ந்து ஒரு திறன் மேம்பாட்டு மையம் தொடங்கினார்கள். ஆலைகளே பாடத்திட்டம் சொன்னன, இயந்திரம் கொடுத்தன. ஆலையில் வேலை பார்த்த உள்ளூர்க்காரர்கள் வெளியே வந்து சின்னப் பட்டறை போட்டு அதே ஆலைக்கு உதிரிபாகமும் சோதனை இயந்திரமும் செய்து கொடுத்தார்கள். அந்தப் பட்டறைகளில் சில பங்குச் சந்தைக்கே வந்தன. அந்தத் தீவிலேயே பத்து ஃபெரிங்கி என்ற பகுதியில் கடற்கரை ஓட்டல்கள். ஜார்ஜ் டவுனுக்கு 2008ல் யுனெஸ்கோ அங்கீகாரம். இரண்டு தொழிலும் ஒரே சின்ன இடத்தில்.

குமரன் தொடங்கிய கோஸ்டா ரிகாவிலும் இதுதான் நடந்தது. 2014ல் அசெம்பிளி போனபோதும் பொறியியல் மையம் இருந்தது. இன்று அந்த நாட்டின் முதல் ஏற்றுமதி மருத்துவக் கருவிகள். 1948ல் ராணுவத்தைக் கலைத்து, மக்கள் படிப்பில் அக்கறை காட்டி வந்த நாடு அது. கடற்கரைக்கு ஒரு விடை, சிப்புக்கு ஒரு விடை என்று இல்லை. உள்ளூர்க்காரன் கையில் சொத்தோ, திறமையோ, வாடிக்கையாளரோ ஒன்றாவது இருந்தால் பணம் தங்கும்.

#12 கிரீம்ஸ்_ரோடு_மணி

மருத்துவச் சுற்றுலாவை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். 1983ல் அப்போலோ வந்தது முதல் எங்கள் பகுதி மாறிவிட்டது. நோயாளியோடு வருகிறவர்கள் சமைத்துச் சாப்பிட அடுப்போடு அறை, வங்காளச் சாப்பாட்டுக் கடை, மொழிபெயர்க்க ஆள், மருந்துக் கடை, சிம் கார்டு. டீச்சர் சொல்லும் "உள்ளூர்க் கை" இதில் நிறைய. 2024 ஆகஸ்டில் பங்களாதேஷில் ஆட்சி கவிழ்ந்தது, இந்திய விசா சுருங்கியது. எங்கள் லாட்ஜ் அறைகள் காலி. பணம் உள்ளூரில் தங்கினாலும், வருகிறவர்கள் ஒரே நாட்டுக்காரர்களாக இருந்தால் ஆபத்துதான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

#13 தரமணி_குமரன்

எல்லோருக்கும் நன்றி. மணி அண்ணன் சொன்னது மிக முக்கியம்.

எனக்கு இப்போது ஒன்று உறுத்துகிறது. எங்கள் துறையில் மாடல் எழுதினால் யாரும் அப்படியே ஏற்க மாட்டார்கள். உண்மையான வேஃபரில் (சிப் செய்யும் தகட்டில்) அளந்த மின்னோட்டக் கோட்டின் மேல் உன் கோடு உட்கார வேண்டும். ஒரு நீளத்துக்குப் பொருந்தினால் போதாது; வேறு நீளம், வேறு வெப்பநிலை, எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டும். கேட் மின்னழுத்தத்தைக் குறைக்கும்போது மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைய, அறை வெப்பநிலையில் சாதாரண டிரான்சிஸ்டருக்குக் குறைந்தது 60 மில்லிவோல்ட் வேண்டும் என்பது இயற்பியல் போட்ட வரம்பு. உன் மாடல் 40 காட்டினால் உன்னைத்தான் சந்தேகிப்பார்கள்.

கடலோரத் திட்ட அறிக்கைகளில் "ஒரு ரூபாய் முதலீட்டுக்கு இத்தனை ரூபாய் வருமானம், இத்தனை வேலை" என்று ஒரு பெருக்கல் எண் வரும். அதுவும் ஒரு மாடல்தான். அது எந்த ஊரில் அளந்தது? ஐந்து வருடம் கழித்து யாராவது திரும்பி வந்து பொருந்துகிறதா என்று பார்த்தார்களா? குப்பத்து மணலை எடுத்துக்கொள்ள அந்த எண்ணைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அளக்காத எண்ணை வைத்து ஒருவருடைய வாழ்க்கையை நகர்த்துவது எனக்குக் கோபமாக இருக்கிறது. செமிகண்டக்டர் சலுகைக்கும் இதே கேள்வி பொருந்தும்.

நாமே சின்னதாக அளக்கலாமா? வாசு அண்ணன், உங்கள் தெருவில் விடுதிக்காரர்கள் கணக்குக் கொடுப்பார்களா?

#14 கடல்மல்லை_வாசு

கொடுப்பார்கள். பெயர் போடாமல் என்றால் நாலைந்து பேரை நானே பேசிச் சம்மதிக்க வைக்கிறேன். என் கணக்கு முதலில். இணைய முன்பதிவுத் தளங்களுக்குப் போகும் கமிஷன் மட்டும் 15 முதல் 20 விழுக்காடு. அதை எங்களில் பலர் செலவாகவே எழுதுவதில்லை. ஸ்ரீராம் தம்பி கேட்ட பெரிய விடுதி விஷயம்: ஆம், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு அப்படிப்பட்ட இடங்களில் வேலை. ஆனால் எந்த வேலை, எத்தனை மாதம், நிரந்தரமா ஒப்பந்தமா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

#15 நங்கநல்லூர்_ஸ்ரீராம்

என் பக்கத்தில் இருந்து பேக்கேஜ் விலைப் பட்டியல் தருகிறேன். பயணி கொடுப்பதில் விமானம், சென்னை ஓட்டல், வண்டி, வழிகாட்டி, நுழைவுச் சீட்டு என்று பிரித்து. ஏசி பஸ்ஸில் வருகிறவர் ஒன்றுமே விட்டுப் போவதில்லை என்பது எனக்கு ஒப்புதல் இல்லை. எண்ணை வைத்துப் பேசுவோம்.

#16 செல்வி_டீச்சர்

சரி, அப்படியானால் படிவத்தை நான் போடுகிறேன். ஒவ்வொரு விடுதிக்கும் ஒரு தாள், மாதவாரியாக: விற்ற அறை இரவுகள், முன்பதிவு எந்த வழியாக வந்தது, கமிஷன், கட்டடம் சொந்தமா வாடகையா, வாடகை எந்த ஊர்க்காரருக்குப் போகிறது, சம்பளம் வாங்குவோரின் சொந்த ஊர், ஆணா பெண்ணா, காய்கறி, மீன், துணி எங்கே வாங்கியது, பயணியின் நாடு. மணி, கிரீம்ஸ் ரோடு லாட்ஜுகளுக்கும் இதே தாள் போதும். நோயாளியோடு வந்தவர் எத்தனை பேர் என்று ஒரு வரி கூடுதல். ஆடி, மார்கழி இரண்டும் அடங்க வேண்டும் என்பதால் ஒரு முழு வருடத்துக் கணக்கு வேண்டும். அன்வர், உன் துறையில் உடன் படித்தவர்கள் இப்போது எந்த ஊரில், யாருக்கு வேலை பார்க்கிறார்கள் என்று ஒரு பட்டியல் உன்னால் எடுக்க முடியுமா?

#17 கிண்டி_அன்வர்

முடியும் டீச்சர். எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இன்றே கேட்டுவிட்டேன். பெயர் இல்லாமல், ஊர், நிறுவனம் எந்த நாட்டுடையது, செய்யும் வேலை என்ற மூன்று பத்தி மட்டும். பதில்கள் வரத் தொடங்கிவிட்டன.